நாற்பது கிராம் பாரும் இரண்டு மடக்குத் தண்ணீரும்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நீ கேட்டது அரைப் பக்கத்துச் சமாசாரம். அந்த பார் எப்படிச் செய்வது, எது எவ்வளவு, ஃபிரிஜ்ஜில் எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாகிவிட்டது. வேர்க்கடலை, பொட்டுக்கடலை மாவு, புரோட்டீன் பவுடர் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வருவேன், பேரீச்சம்பழம் என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிடும். உங்கம்மா பார்த்துவிட்டு, "என்னா இது, கலெக்டருக்கு மனு எழுதற மாதிரி இவ்ளோ யோசன?" என்றாள். மனு இல்லை, அதைவிட மோசமானது. இதைப் படிக்கும்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தால் மடித்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய் என்று உனக்கே தெரியாது. காரைக்காலுக்கு மாற்றல் வாங்கிப் போய் எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் உன் குரலில் பழைய துள்ளலைக் கேட்டேன். உன் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஆறு பேர் எடை தூக்கும் போட்டிக்குத் தயாராகிறார்கள் என்றாய். ஒருத்தி உன்னைப் போலவே முழங்காலை உள்ளே மடக்குகிறாள், அதைத் திருத்தவே ஒரு மாதம் ஆயிற்று என்றாய். பிறகு சொன்னாய்: "வாரா வாரம் எடை போடறதுக்கு மொத நாளு எல்லார் தண்ணி பாட்டிலயும் வாங்கி பீரோல வெச்சிப் பூட்டிடுறேம்பா. நான் ரெண்டு மடக்குல கெட்டேன், இதுங்களும் கெடக் கூடாது. போன வாரம் ஒருத்தி மயக்கம் போட்டுட்டா. மூஞ்சில தண்ணி தெளிச்சி எழுப்புனேன், ஆனா குடிக்க உடல." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அதே மூச்சில், "அந்த பார் எப்பிடின்னு எழுதி அனுப்புங்க. நீங்க போட்ட அளவுன்னா கரெக்டா இருக்கும், நீங்கதான் எடை மிஷினாச்சே" என்றாய். நான் சரி என்று போனை வைத்தேன்.

உனக்கு நினைவிருக்கும், பிளஸ் டூ படிக்கும்போதுதான் உன் பயிற்சி மாஸ்டர் முதல்முதலாக அந்த வார்த்தையைச் சொல்லி அனுப்பினார். நீ லாஸ்பேட்டை மைதானத்திலிருந்து வியர்வையோடு வந்து, "அப்பா, எனக்கு தெனமும் பார் வேணும்" என்றாய். நம் ஊரில் பார் என்றால் என்ன என்று உலகத்துக்கே தெரியும். திரும்பின பக்கமெல்லாம் ஒன்று இருக்கிறது. உங்கம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஊருல இருக்கற பார் பத்தாதா, ஊட்டுல வேற தொறக்கணுமா?" என்று கத்தினாள். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அப்புறம் நீ அழாக்குறையாக விளக்கினாய். சத்து மாவைக் கெட்டியாகப் பிசைந்து, தட்டில் அமுக்கி, அடுப்பில் வைக்காமல் குளிர வைத்து, துண்டு போட்டு வைத்துக்கொள்வது. கடையில் கிடைப்பதில்லை, மெட்ராஸில் கிடைப்பதை வாங்கிக் கட்டுப்படியாகாது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "கடல உருண்டைய தட்டையா தட்டச் சொல்றான், அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேரு" என்றேன்.

ஆனால் கடலை உருண்டை இல்லை என்பது சீக்கிரம் புரிந்தது. வெல்லம் கூடாது, நெய் கூடாது. எதிர்வீட்டு சொல்தா ஐயாதான் கை கொடுத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷனோடு வந்தவர். தெருவே அவர் பெயரை மறந்து சொல்தா என்றுதான் கூப்பிடும். பிரான்சிலிருந்து அவர் மகன் வரும்போதெல்லாம் உனக்கு ஒரு டப்பா புரோட்டீன் பவுடர் வரும். டப்பா மேல் ஒட்டியிருந்த பிரெஞ்சு எழுத்தை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, "சான் சுக்ருன்னு போட்டுருக்கான். சர்க்கர கெடையாதுன்னு அர்த்தம். பயப்படாம குடுங்க" என்றார். அந்த டப்பாவை நம் வீட்டில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தோம்.

பிசைகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சமையலில் எனக்கு வெந்நீர்கூட ஒழுங்காகப் போட வராது, ஆனால் நிறுக்க வரும். நம் ஊர் மேட்டுப்பாளையத்து மாத்திரை கம்பெனியில் இருபது வருஷமாக நான் செய்ததே அதுதான். மின்விசிறிகூட இல்லாத அறையில், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பொடி நிறுப்பது. ஒவ்வொரு மூட்டை மேலும் ஒரு சீட்டு ஒட்டுவோம். எடை எடுத்தவர் என்று நான் கையெழுத்துப் போடுவேன். சரிபார்த்தவர் என்று இன்னொருத்தர் போடுவார். இரண்டு கையெழுத்தும் இல்லாமல் ஒரு பிடி பொடிகூட அந்த அறையை விட்டு வெளியே போகாது. சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய தட்டுத் தராசு வாங்கி வந்து அடுப்படி மேடை மேல் வைத்தேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்காருவேன். நீ பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு உட்காருவாய். வறுத்த கடலையை எண்ணெய் விடும்வரை அரைத்து, மாவும் பவுடரும் சேர்த்து, கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தை நசுக்கிப் போட்டு, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, எவர்சில்வர் தட்டில் அமுக்கி, ஃபிரிஜ்ஜில் தள்ளுவோம். இட்லி மாவு வைக்க இடமில்லை என்று உங்கம்மா தினமும் ஒரு பாட்டம் பாடுவாள். இறுகியதும் வெட்டி, ஒவ்வொன்றையும் நிறுத்து, எண்ணெய்த் தாளில் சுற்றுவேன். அதன் மேல் விளையாட்டாக ஒரு சீட்டு ஒட்டினேன்: எடை நாற்பது கிராம். எடுத்தவர்: அப்பா. சரிபார்த்தவர் என்ற இடத்தில் நீ கையெழுத்துப் போட்டாய். முதல் ஒரு வாரம் நிஜமாகவே தராசில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டாய். அப்புறம் பார்க்காமலே போட ஆரம்பித்தாய். அப்பா நிறுத்தால் அப்பா நிறுத்ததுதான் என்று சொல்வாய். கம்பெனியில் யாரும் என்னை அப்படி நம்பியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. பிறகுதான் தேசியப் போட்டிக்கு நம் ஊர் அணியைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஐம்பத்து மூன்று கிலோ பிரிவில் உனக்கு எதிராக ஆளே இல்லை என்றார் மாஸ்டர். ஆனால் நீ இரண்டரைக் கிலோ கூட இருந்தாய். மூன்று மாதத்தில் இறக்க வேண்டும். நீ சோற்றை நிறுத்தினாய். அப்புறம் இட்லியை. தட்டில் வெறும் கீரையை வைத்துக்கொண்டு அதையும் முறைத்துப் பார்ப்பாய். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மாடிப்படி ஏறினால் உன் உதடு வெளுக்கும். ஒருநாள் உங்கம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ரெண்டு மாசமா பொண்ணு தூரம் ஆவலங்க. எனக்கு பயமா இருக்கு" என்றாள். அன்றைக்கு நான் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும். மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. பெண்ணிடம் அதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று கூச்சப்பட்டேன். கூச்சப்பட்டுவிட்டு, திருட்டுத்தனமாக வேறொன்று செய்தேன்.

அணித் தேர்வுக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது. அன்றிலிருந்து நீ தினமும் மைதானத்திலிருந்து தாமதமாகத்தான் வந்தாய், முக்காலி காலியாக இருந்தது. நான் பவுடரைப் பாதியாகக் குறைத்தேன். பேரீச்சம்பழத்தை இரு மடங்காக்கினேன். வெல்லப்பாகு ஊற்றினேன். இரண்டு கரண்டி நெய்யும் விட்டேன். பிசையும்போது கையில் வழவழவென்று ஒட்டியது, அதை இப்போது எழுதும்போதும் உள்ளங்கையில் உணர்கிறேன். வெட்டினேன். நிறுத்தேன். சரியாக நாற்பது கிராம். ஒரு குன்றிமணிகூடக் கூடக் குறைய இல்லை. சீட்டு ஒட்டி, எடுத்தவர் அப்பா என்று எழுதினேன். நீ வந்து, வழக்கம்போல் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாய். எடையில் பொய் இல்லை பாப்பா. உள்ளே இருந்ததில்தான் பொய். அப்படி ஒரு மூட்டை கம்பெனியிலிருந்து வெளியே போயிருந்தால் என்னைப் போலீசில் பிடித்துக் கொடுத்திருப்பார்கள்.

மறுநாள் ஒரு கடி கடித்துவிட்டு, "இன்னிக்கி சூப்பரா இருக்கேப்பா!" என்றாய். பேரீச்சம்பழம் வேறு கடையில் வாங்கினேன், புதுச் சரக்கு என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! நாளுக்கு நான்கு பார் சாப்பிட்டாய். உன் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஆனால் மைதானத்து மிஷினில் முள் இறங்க மறுத்தது. உனக்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நீ என்ன செய்தாய்? கீரையையும் நிறுத்தினாய். மோரை நிறுத்தினாய். பாரைத் தவிர வேறெதுவும் வாயில் வைப்பதில்லை என்று ஆக்கிக்கொண்டாய், ஏனென்றால் அது ஒன்றுதான் அளவு தெரிந்த சாப்பாடு, அப்பா நிறுத்தது. நான் கூட்டக் கூட்ட நீ குறைத்தாய். இதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன், கையை மட்டும் நிறுத்தவில்லை. இன்று சொல்லிவிடுவோம், நாளை சொல்லிவிடுவோம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். உன் உடம்புக்குப் பயந்துதான் செய்தேன், சத்தியம். ஆனால் அது மட்டும்தானா என்று கேட்டால் மார்தட்டிச் சொல்ல முடியவில்லை. பெண்ணுக்குக் கை கட்டை மாதிரி இறுகிப் போயிற்று, இப்படியே விட்டால் யார் கட்டுவான் என்று உறவில் பேச்சு வந்துகொண்டிருந்த நேரம் அது. இந்தப் போட்டியோடு முடிந்தால் வீட்டோடு இருப்பாள் என்று மனத்தின் ஒரு மூலையில் ஓடியிருக்கலாம். ஓடியது என்றே வைத்துக்கொள். உனக்கு எழுதுகிற இடத்தில் எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொள்ளக் கூடாது.

தேர்வு அன்று காலையில் எட்டு மணிக்கு எடை. பெண்கள் அறைக்கு வெளியே வராந்தாவில் நான் நின்றேன். அறை வாசலில் கேட்டுக்கொண்டு வந்த உன் மாஸ்டர் நானூறு கிராம் கூட இருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றார். நீ ஸ்வெட்டர் மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினாய். எச்சிலும் எடைதான் என்று ஓடிக்கொண்டே ஒரு டம்ளரில் துப்பினாய். வாய் காய்ந்து எச்சில்கூட வரவில்லை. மறுபடி உள்ளே போனாய். கொஞ்ச நேரத்தில் அங்கே எடை பார்த்துக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்து, "சார், கத்தரிக்கோல் கெடைக்குமா? சீக்கிரம்" என்றார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஓடிப்போய் எதிர்ச்சாரியில் இருந்த தையல்கடையில் வாங்கி வந்து என் கையாலேயே கொடுத்தேன். பத்து நிமிஷம் கழித்து நீ வந்தாய். இடுப்பு வரை இருந்த ஜடையைக் காணோம், கழுத்தோரம் கோணல்மாணலாக வெட்டியிருந்தது. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்போதும் நூறு கிராம் கூட இருந்தது. நேரம் முடிந்துவிட்டது.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாய். ஏர்போர்ட் ரோடு திரும்பும்போது சொன்னாய்: "காலைல வாய் கொப்புளிக்கறப்ப ரெண்டு மடக்கு முழுங்கிட்டேம்பா. தாகம் தாங்கல. அதான். என்னாலதான்." ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, இல்லை பாப்பா, உன்னால் இல்லை, என்னால் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். இரண்டு மடக்குத் தண்ணீர் என்ன எடை இருக்கும் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் யார்? அறுபது கிராம் தேறாது. அதுவும் நீ ஓடிய ஓட்டத்தில் வியர்வையாக எப்போதோ போயிருக்கும். மிச்சமிருந்தது என் நெய்யும் வெல்லமும். நான் என்ன சொன்னேன்? "பரவால்லம்மா, உடு" என்றேன். மன்னிக்கிறவன் மாதிரி சொன்னேன். செய்ததைவிட அதுதான் பெரிய அயோக்கியத்தனம்.

அதற்கப்புறம் நீ கம்பியைத் தொடவில்லை. படித்தாய், விளையாட்டு ஆசிரியர் பயிற்சி முடித்தாய், வேலை வாங்கினாய். முடியும் வளர்ந்துவிட்டது, உடம்பும் தேறிவிட்டது. இனி எதற்குப் பழசைக் கிளறுவது, அவளே மறந்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் நீ மறக்கவில்லை. அந்த இரண்டு மடக்கை எடுத்துக்கொண்டு போய் ஆறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாய். என் பொய்யை நீ உண்மை என்று நம்பி, பீரோவில் வைத்துப் பூட்டுகிறாய். மயங்கி விழுந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்று நீ சிரித்தபோது, அவளுடைய அப்பனை நினைத்தேன். அவன் எங்கேயோ வராந்தாவில் நிற்கப் போகிறான். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை.

நேற்று உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷம் அவளுக்கும் தெரியாது. நெய் டப்பா சீக்கிரம் காலியாகிறதே என்று அவள் அப்போது கேட்டதற்கு நான்தான் சாப்பிட்டேன் என்று சொல்லியிருந்தேன். "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது? அவகிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இன்று காலையில் காபியைக் கொண்டு வந்து டக்கென்று வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கோபத்தில் எனக்கு வருத்தமில்லை, அதுதான் நியாயம்.

இப்போது செய்முறை. இருபது பாருக்கு: தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை இருநூறு கிராம், பொட்டுக்கடலை மாவு இருநூறு, புரோட்டீன் பவுடர் இருநூறு, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நூற்றைம்பது, இறுக்கிப் பிடிக்கிற அளவு வெந்நீர், ஒரு சிட்டிகை உப்பு. தட்டில் அமுக்கும்போது டம்ளர் அடியால் நன்றாக அழுத்து, இல்லாவிட்டால் வெட்டும்போது உதிரும். இரண்டு மணி நேரம் ஃபிரிஜ்ஜில் இருக்கட்டும். இதுதான் நிஜமான அளவு. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இதையே சோறாக ஆக்கிவிடாதே. இது இடைவேளைக்குத்தான். சோறு சோறாக இருக்கட்டும். எந்தப் பிள்ளைக்காவது உடம்பை வருத்தித்தான் ஒரு பிரிவில் இறக்க முடியும் என்றால், மேல் பிரிவில் தூக்கச் சொல். தோற்றால் தோற்கட்டும். யாருக்காவது தூரம் நின்றுபோனால் என்னைப் போல் கூச்சப்படாதே. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, அவள் அம்மாவிடம் பேசு. உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரியும். அந்தத் தப்பைச் செய்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். அதில் பன்னிரண்டு பார் இருக்கிறது. பதினொன்று சரியான அளவில் செய்தது. சிவப்பு நூல் கட்டியது மட்டும் அந்த இருபத்தைந்து நாள் உனக்குக் கொடுத்தது போலவே செய்தது. இரண்டையும் கடித்துப் பார், உன் நாக்குக்கே தெரிந்துவிடும். அது என்னைவிட நம்பகமான சாட்சி. எல்லாவற்றின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கிறேன், இந்தத் தடவை எடையோடு உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் எழுதி. எடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. சரிபார்த்தவர் இடம் காலி. பார்க்காமல் போட்டுவிடாதே. நிறுத்துப் பார், பிட்டுப் பார், தின்று பார். அதற்கப்புறமும் போட மனம் வரவில்லை என்றால் காலியாகவே இருக்கட்டும், போன் செய்ய வேண்டாம், நான் காத்திருப்பேன். ஆனால் நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்த பீரோவைத் திறந்து, பாட்டில்களை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடு.

அப்பா